நாலாம் சோழி

நஃபீசாவின் கண் வலைக்கண்ணி எண்ணிப் பழகிய கண். ஆயிரம் கண்ணி கொண்ட வலைத்துண்டை விரித்துப் போட்டால், எந்த இடத்தில் ஒரு முடிச்சு தவறியிருக்கிறது என்று அவள் தேடுவதில்லை. தவறிய இடம் தானாகவே வந்து அவள் கண்ணை உறுத்தும். ஏழு வயதில் தாயின் பக்கத்தில் அமர்ந்து நூல் கோக்கத் தொடங்கியவள். அதே தாயிடம் அரபுத்தமிழ் எழுத்தையும் எண்ணையும் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பத்தெட்டு வயதுவரை அந்தக் கண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் வலையைத் தவிர வேறு வேலை வாய்க்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, ஆடி பத்தாம் நாள், அவள் கணவர் முஹைதீன் நான்கு நாள் காய்ச்சலில் மறைந்தார். பெரியபட்டினத்துக்குக் கிழக்கே, பனைகள் முடிந்து மணல் தொடங்கும் ஒரு சிறு குடியிருப்பில், பதினொரு கரைவலைகளுள் ஒன்றுக்கு அவர் சம்மாட்டியாக, வலைக்கு உடையவராக, இருந்தார். வலையை இழுக்கப் பதினெட்டு ஆட்கள். பிள்ளைகள் இல்லை. வலை நஃபீசாவின் பொறுப்பாயிற்று. அவளோ இத்தாவில் அமர்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. உடன்பிறந்தான் முதலிய மிக நெருங்கிய உறவினரைத் தவிர ஆண்கள் யாரும் அவளைக் காண்பதில்லை. அறையில் ஒரு பாய், ஒரு கூஜா, கணவரின் பெரிய தேக்குப் பெட்டி. பெட்டி அங்கே வந்தது வேறிடம் இல்லாமையால்தான்.

முதல் மாதம் அழுகையில் கழிந்தது. இரண்டாம் மாதம் ஒருநாள், கணவரின் சட்டையை எடுத்து வைப்பதற்காக அந்தப் பெட்டியைத் திறந்தவள், மூடியின் உட்புறத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக எண்கள். ஆணியால் கீறப்பட்ட அரபு எண்கள். இருபத்தேழு வரிசை, வரிசைக்குப் பதினோர் எண்.

அது என்னவென்று அவளுக்கு உடனே விளங்கியது. சோழியெடுப்பு.

அந்தக் கரை மேற்கிலிருந்து கிழக்காகப் பதினொரு பாடுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு பாடும் ஒரு வலை வளைத்து இழுக்கும் அளவுள்ள கரை. முதற்பாட்டின் அடியில் நல்ல மணல்; மீன் ஒதுங்கும். வரிசை கிழக்கே போகப்போகத் தரம் குறையும். பதினொன்றாவது பாறைப் பாடு. அங்கே வலை மீனோடு வருவதைவிடக் கிழிசலோடு வருவதே மிகுதி. ஆகவே ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பித் தென்கடல் அடங்கும் முன், எந்த வலைக்கு எந்தப் பாடு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். பதினொரு சோழிகள், ஒரே அளவாகப் பொறுக்கி எடுத்தவை, எலுமிச்சங்காய்ப் பருமன். முதுகில் ஒன்று முதல் பதினொன்று வரை புள்ளிகள். ஒவ்வொரு சம்மாட்டியும் முன்கூட்டியே ஓர் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு கடைசிப் பாடு பெற்றவருக்கே முதலில் எண் சொல்லும் உரிமை. பிறகு சோழிகளைக் குறுகிய வாய்ப் பானையில் இட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். முதலில் வரும் சோழியை உடையவருக்கு முதற்பாடு, இப்படியே பதினொன்றுவரை.

எடுப்பவர் ஊர்க்காரராக இருத்தல் ஆகாது. ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் சாலையில் முதலில் வரும் அயலூர்க்காரர் எவரோ அவரை அழைத்து வந்து எடுக்கச் சொல்வார்கள். கரையில் யாருக்கும் உறவோ பகையோ இல்லாத கை வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

முஹைதீன் பதினேழு வயதில், முப்பதாம் ஆண்டு, முதல் வரிசையைக் கீறினார். அன்றுமுதல் தாம் மறையும்வரை ஓர் ஆண்டும் விடவில்லை. ஏனைய சம்மாட்டிகள் தத்தம் எண் என்ன ஆயிற்று என்பதை மட்டுமே நினைவில் வைத்தார்கள். அதையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மறந்தார்கள். பதினோர் எண்ணின் வரிசையையும் எழுதி வைத்தவர் இவர் ஒருவரே. எழுதியதிலிருந்து அவர் கண்டுகொண்டது ஒன்று: நாலு என்ற எண் முதல் மூன்று இடங்களுள் ஒருமுறைகூட வந்ததில்லை.

"வராமலே போயிருமா நஃபீசா? இத்தனை வருசம் வரலைன்னா, வர்ற நாள் நெருங்கிருச்சுன்னு அர்த்தம்" என்பார்.

அந்த நம்பிக்கையோடு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து நாலையே சொன்னார். ஆறு ஆண்டும் கடைசிப் பாடு. கடைசிப் பாடு பெற்றமையால் மறு ஆண்டு முதலில் சொல்லும் உரிமை அவருக்கே; அந்த உரிமையைக் கொண்டு மீண்டும் நாலையே சொன்னார். செக்குச் சுற்றுவது போன்ற அந்தச் சுழற்சியைக் கரையே வேடிக்கை பார்த்தது. ஆனால் சிரித்தவர்களும் உள்ளூர நாலைப் பற்றி அவர் சொன்னதை நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

நஃபீசா பெட்டியை மூடவில்லை. அடுக்களையிலிருந்து ஒரு முறம் புளியங்கொட்டை கேட்டு வாங்கினாள். பாயில் கரித்துண்டால் பதினொரு கட்டம் வரைந்தாள். ஒவ்வோர் ஆண்டும் முதல் மூன்றாக வந்த எண்களைப் பார்த்து, அந்தந்தக் கட்டத்தில் ஒவ்வொரு கொட்டையாக வைத்தாள். இருபத்தேழு ஆண்டுக்கு எண்பத்தொரு கொட்டை. எல்லாம் ஒத்த சோழிகளாயின் கட்டத்துக்கு ஏழோ எட்டோ விழ வேண்டும். பெரும்பாலான கட்டங்களில் அப்படித்தான் விழுந்தது: ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பதாம் கட்டத்தில் மட்டும் பதின்மூன்று. நாலாம் கட்டத்தில் ஒன்றுமில்லை.

அந்த வெறும் கட்டத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரும் இதே வெறுமையைத்தான் பார்த்தார். இனி நிறையும் என்று எண்ணினார். நஃபீசாவின் கண்ணுக்கோ அது நிறையப்போகும் இடமாகத் தோன்றவில்லை. முடிச்சு தவறிய இடமாகத் தோன்றியது. வலையில் ஓர் ஓட்டை இருந்தால், இதுவரை அடைபடாமல் இருந்ததால் இனி அடைபடும் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஏன் விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

கணவரின் தமக்கை உம்மு ஹபீபா அதே வீட்டில் இருந்தாள். ஊர்ச் செய்தி எதையும் மறவாதவள். கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தவளிடம் நஃபீசா கேட்டாள்.

"மதினி, போன வருசம் சோழி எடுத்தது யாரு?"

"ஏன், அவனைக் கூப்பிட்டு விருந்து வைக்கப் போறியா? பாயெல்லாம் புளியங்கொட்டை. இத்தாவுல இருக்கிறவ தஸ்பீஹை உருட்டுவா. நீ கொட்டையை உருட்டு."

"சொல்லுங்க மதினி."

"ஏர்வாடிக்கு நேர்ச்சைக்குப் போன தின்னவேலிக்காரன். பானைக்குள்ள கையை விட்டுட்டு வெளிய எடுக்க ஏலாம முழிச்சானே, அவன். அதுக்கு முந்தின வருசம் வளையல்காரன், இடது கைக்காரன். அதுக்கு முன்ன ராமேஸ்வரம் போற வழியில பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு வடக்கத்தி ஆளு. அவனுக்கு நம்ம பேச்சே தெரியாது, சோழியைத் தின்னச் சொல்றோம்னு நினைச்சுட்டான்..."

உம்மு ஹபீபா சொல்லிக்கொண்டே போனாள். பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவர், தபால்காரர், உப்பு வண்டிக்காரர், பாய்மரம் தைப்பவர். பத்தொன்பது ஆண்டுவரை அவள் நினைவு தடையின்றி ஓடியது. கேட்கக் கேட்க நஃபீசா விரல்விட்டு எண்ணினாள். இருபத்தேழு ஆண்டில் இருபத்தேழு வெவ்வேறு கைகள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். பெரும்பாலும் இந்தக் கரையை மறுமுறை பாராதவர்கள். அத்தனை கைகளும் ஒரே சோழியை ஒதுக்கியிருக்கின்றன.

"பானை அதே பானைதானா மதினி?"

"ரெண்டு தடவை உடைஞ்சு மாத்தியாச்சு. சோழி மட்டும் அதேதான். ஏன் கேக்குறே?"

கை மாறியது, பானை மாறியது, சோழி மாறவில்லை. பானையின் வாய் குறுகலானது. மணிக்கட்டுக்குமேல் கை நுழையாது. விரலுக்கு எட்டுவது மேலே கிடப்பது மட்டுமே. குலுக்கக் குலுக்க அடியில் போய்த் தங்குவது எது? கனமானது. நஃபீசா அந்தச் சோழிகளை வாழ்நாளில் தொட்டதில்லை. பெண்கள் அங்கே போவதில்லை. ஆயினும் நாலாம் சோழியின் வயிற்றுக்குள் ஏதோ இருக்கிறது என்று அப்போது அவள் அறிந்தாள். நான்கு சுவருக்குள் இருந்துகொண்டு, மூடிய ஓட்டுக்குள் இருப்பதை, வெறும் எண்களின் வழியாகப் பார்க்க முடியும் என்பது அவளைத் திகைக்க வைத்தது. "அல்லாஹ்வே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள். அச்சத்தில் சொன்னதா மகிழ்ச்சியில் சொன்னதா என்பது அவளுக்கே தெரியவில்லை.

சோழியெடுப்புக்கு முந்திய நாள், வியாழக்கிழமை, அவளுடைய வலையாட்களின் தலைவர் சின்னக்கருப்பன் வந்தார். அறுபதை நெருங்கியவர், உள்ளூருக்கு வடக்கே இருந்த ஓர் உழவர் சிற்றூரிலிருந்து வலை இழுக்க வந்து, முப்பது ஆண்டாக அந்த வலையோடு இருந்தவர். நஃபீசாவின் தம்பி அப்துல் குத்தூஸ் ஓலைத் தட்டிக்கு வெளியே அவருக்குப் பாய் விரித்தான். நஃபீசா உள்ளே இருந்தாள்.

"தாயி, சின்னக்கருப்பன் வந்திருக்கேன்."

"வாங்க அண்ணே. வீட்டுல எல்லாரும் சொகந்தானா?"

"இருக்காக. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது தாயி. பதினெட்டுப் பேரும் சேர்ந்து என்னை அனுப்பியிருக்காங்க. ஆறு வருசம் பாறைப் பாட்டுல இழுத்தாச்சு. வலை இழுத்த நேரத்தைவிட வலை தைச்ச நேரம் கூட. சம்மாட்டி முகத்துக்காகக் கெடந்தோம். இந்த வருசமும் அங்கனதான்னா, பயலுக மதார் மரைக்காயர் வலைக்குப் போயிருவாங்க. பிடிச்சு வைக்க எனக்கு ஏலாது."

ஆட்கள் போய்விட்டால் வலை வெறும் நூற்குவியல். அதை நஃபீசா நன்கு அறிவாள்.

"எந்த எண்ணைச் சொல்லலாம்னு நினைக்கிறீக?"

"இதென்ன கேள்வி தாயி? நாலுதான்! ஆறு வருசம் நாம தண்ணி ஊத்துன மரம். காய்க்கப் போற வருசத்துல விட்டுட்டுப் போனா மரைக்காயர் வந்து பறிச்சுக்கிருவாரு. 'அந்தப் பொம்பளை விட்டா நான் எடுக்கிறேன்'னு டீக்கடையில எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாருல்ல!"

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணே."

"யோசிக்க என்ன இருக்கு? சம்மாட்டி யோசிச்சு வச்சுட்டுத்தானே போயிருக்காக" என்று சொல்லி எழுந்து துண்டை உதறினார்.

அவர் போனதும் நஃபீசா தம்பியை உள்ளே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்துல் குத்தூஸ் கொட்டைகளைப் பார்த்தான். பெட்டியின் மூடியைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"லாத்தா! நாளைக்கு முதல்ல எண்ணு சொல்றது நாம. ஒன்பதைச் சொல்லிருவோம். நாலை மரைக்காயர் எடுத்துக்கிரட்டும். வாயைத் திறக்காதீக. அவரு பாறையில கிடந்து முழிக்கட்டும்."

"தெரிஞ்சுகிட்டே செய்யலாமா தம்பி?"

"திருடுனோமா? எண்ணுனோம். மச்சான் எழுதி வச்சதை நீங்க எண்ணுனீக. யாரு வேணாம்னா?"

அவன் பேச்சில் பொய் இல்லை. அதுவே அவளை வருத்தியது. ஒன்பதைச் சொல்லி வாய் மூடினால் பதினெட்டுப் பேரும் நிலைப்பார்கள், வலை நிலைக்கும். வாய் திறந்தால் பழைய சோழிகள் போகும். அவற்றோடு இருபத்தேழு ஆண்டின் அறிவும் செல்லாததாகும். கையில் இருந்த ஒரே பலம் அது.

உம்மு ஹபீபாவைப் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ஒரு கேள்வியோடு அனுப்பினாள். பெயர் எதுவும் சொல்லக் கூடாது என்று எச்சரித்தாள். உம்மு ஹபீபா அரைமணியில் திரும்பினாள்.

"கேட்டேன். குர்பானி ஆட்டைக் கூறு போட்டுச் சீட்டுப் போடுறாங்க. எந்தக் கூறுல எலும்பு அதிகம்னு ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவ சீட்டுல சேரலாமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"'யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் அது சீட்டு. அதனாலதான் மார்க்கத்துல அதை ஆகும்னு சொன்னாக. ஒருத்திக்குத் தெரிஞ்சிருச்சுன்னா, அவ எடுக்கிறது அவ பங்கு இல்லே, அடுத்தவ பங்கு'ன்னாக. அதோட விட்டாகளா? 'யாரு வீட்டு ஆடு, ஹபீபா? ஹஜ்ஜுப் பெருநாள் போயி மூணு மாசமாச்சே'ன்னு கேட்டாக. 'ஆடுன்னு ஒண்ணுமில்லே ஆலிம்சா'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நஃபீசா சிரிக்கவில்லை. மரைக்காயரை நினைக்கவில்லை, மரைக்காயரின் வலையை இழுக்கும் பதினெட்டுப் பேரை நினைத்தாள். சின்னக்கருப்பனைப் போலவே அங்கும் ஒரு கிழவர் இருப்பார். பாறையில் வலை கிழியும்போதெல்லாம் அது நாலாம் சோழியின் கனத்தால் கிழிவது என்பது அந்தக் கரையில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஆறு ஆண்டு தன் கணவரைச் சுழற்றிய செக்கில் இன்னொருவரைத் தெரிந்தே கட்டுவதற்கு அவள் மனம் இடம் தரவில்லை.

"தம்பி, ஆலிம்சாகிட்டப் போ. சோழியெல்லாத்தையும் நிறுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

"லாத்தா, யோசிச்சுக்கிருங்க. நம்ம கையாலயே நம்ம கழுத்தை..."

"போன்னா போ."

பள்ளிவாசல் திடல் அவள் அறைக்கு அடுத்தே இருந்தது. நடுவே ஒரு பனையோலை மறைப்பு மட்டும். மறுநாள் தொழுகை முடிந்ததும் திடலின் ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது. சாலையில் முதலில் அகப்பட்ட அயலூர்க்காரர், தோளில் பித்தளைப் பம்பு தொங்க வந்த மலேரியா மருந்தடிக்கும் பணியாளர்.

"ஐயா, நான் சர்க்கார் வேலையா வந்தவன். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

"ஒரு நிமிசம் கையைக் குடுங்க. சர்க்கார் ஒண்ணும் சொல்லாது."

ஆலிம்சா செய்தியை எடுத்துச் சொன்னதும் திடலில் ஒரே கூச்சல். மதார் மரைக்காயரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே ஒலித்தது.

"இத்தாவுல கெடக்கிற பொம்பளை சோழிக்குள்ள புகுந்து பார்த்தாளாக்கும்! நாலு வர்ற வருசம் பார்த்துச் சோழியை மாத்தச் சொல்றாக. நான் எடுக்கப் போறேன்னு தெரிஞ்சு போச்சுல்ல!"

"நிறுத்துப் பார்த்தா என்ன குறைஞ்சுரும் மரைக்காரே? ஆசாரி தராசைக் கொண்டு வந்திருக்காரு" என்றார் ஆலிம்சா.

தட்டான் தராசில் ஒன்றாம் சோழியை ஒரு தட்டில் வைத்து, ஏனையவற்றை ஒவ்வொன்றாக மறுதட்டில் வைத்தார்கள். இரண்டு, ஒத்தது. மூன்று, ஒத்தது. ஓலைக்குப் பின்னால் நஃபீசா காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். நாலு. குன்றிமணி ஒவ்வொன்றாக விழும் ஒலி அவளுக்குக் கேட்டதா, கேட்டதாக எண்ணிக்கொண்டாளா என்பது தெரியாது.

"எட்டுக் குன்றிமணி கூட இருக்கு" என்றார் ஆசாரி. கையில் வைத்துப் பார்த்தால் தெரியாத கனம். தராசுக்கும் இருபத்தேழு ஆண்டின் எண்ணிக்கைக்கும் மட்டுமே தெரியும் கனம்.

ஒன்பதாம் சோழியையும் வைத்தார்கள். அது ஒன்றாம் சோழியோடு ஒரு மயிரிழையும் மாறாமல் நின்றது. பதின்மூன்று முறை வந்ததற்கு அதனுள் ஒரு காரணமும் இல்லை; வந்தது, அவ்வளவே. நஃபீசா பாயிலிருந்த இரண்டு கட்டங்களையும் நினைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லாத கட்டத்துக்குக் காரணம் இருந்தது; நிறைந்து கிடந்த கட்டத்துக்குக் காரணமே இல்லை. பாயில் பார்த்தபோது இரண்டும் ஒன்றுபோலவே அவளிடம் பேசின. ஒன்று மெய் சொல்லியது. மற்றொன்று சும்மா பேசியது. எது எது என்பதை எண்ணிக்கையால் மட்டும் அறிய முடியாது. தராசில் வைத்தே அறிய வேண்டும்.

நாலாம் சோழியைக் கல்லில் வைத்து உடைத்தார்கள். சிறிது நேரம் கழித்து அப்துல் குத்தூஸ் ஒரு சிரட்டையில் உடைந்த துண்டுகளை எடுத்து வந்தான். உட்சுருளில் ஒரு மொச்சைக்கொட்டையளவு கருங்கல்; அதைச் சுற்றி, ஓட்டோடு ஓடாய், வெண்ணிறச் சுண்ணாம்புப் படலம். கடற்புழு கட்டிய கூடு. யாரும் வைத்ததன்று. எந்தக் கடலின் அடியிலோ, சோழி கரை சேரும் முன்பே, கடல் அதைப் பூட்டி முத்திரையிட்டிருந்தது. நஃபீசா அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு சிறியது. இதுவா இருபத்தேழு கைகளை விலக்கியது? இதுவா ஆறு ஆண்டு தன் கணவரின் வலையைப் பாறையில் கிழித்தது? அவள் கண்ணில் நீர் வந்தது. ஆனால் அது துயரத்தால் வந்த நீர் அன்று.

சோழிகளை ஒதுக்கிவிட்டு, ஒரே பனையோலையிலிருந்து ஒரே அளவாகப் பதினொரு நறுக்கு நறுக்கி, எண் எழுதிச் சுருட்டிப் போடுவது என்று ஆலிம்சா முடிவு செய்தார்.

"நாம எந்த எண்ணைச் சொல்ல லாத்தா?"

"இனிமே எது சொன்னா என்ன? உனக்குத் தோணுறதைச் சொல்லு."

அந்தப் பகல் முழுவதும் அவள் செய்த ஒரே பிழை அது. எண்கள் அனைத்தும் ஒன்றாகிவிட்டன என்பதைக் கண்டவள், பதினெட்டுப் பேருக்கு அவை ஒன்றாகிவிடவில்லை என்பதை மறந்தாள். அப்துல் குத்தூஸ் பழைய ஆசையோடு ஒன்பதைச் சொன்னான். மறுகணமே மதார் மரைக்காயர், "எனக்கு நாலு! ஓலையா இருந்தா என்ன, சோழியா இருந்தா என்ன, நாலு நாலுதான்" என்று கத்தினார்.

மருந்தடிப்பவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பானைக்குள் விட்டார். முதல் ஓலையைப் பிரித்தார்.

"நாலு" என்றார்.

திடல் இடிந்து விழுந்தது போன்ற ஆரவாரம். "சொன்னேன்ல! வரும்னு சொன்னேன்ல!" என்று மரைக்காயர் ஆடியது ஓலை மறைப்பின் இடுக்கில் நிழலாகத் தெரிந்தது. இருபத்தேழு ஆண்டு வராத எண், கல் நீங்கிய முதல் நாளிலேயே முதலில் வந்துவிட்டது. பதினொன்றில் ஒன்று வந்தாக வேண்டும்; அது நாலாகவும் இருக்கலாம்; அவ்வளவே என்பதை அறிவு சொல்லியது. ஆயினும் அந்தக் கணத்தில் நஃபீசாவின் நெஞ்சு அறிவின் பேச்சைக் கேட்கவில்லை. எவன் கையில் எல்லாம் இருக்கிறதோ அவன் தன்னோடு விளையாடுகிறானோ என்று வியந்தாள்; அஞ்சவும் செய்தாள். ஒன்பது எட்டாவதாக வந்தது. அதை அவள் ஏறத்தாழக் கேட்கவே இல்லை.

மாலை, அஸர் தொழுகைக்குப் பின், சின்னக்கருப்பன் ஓலைத் தட்டிக்கு வெளியே வந்து நின்றார். அப்துல் குத்தூஸ் விரித்த பாயில் உட்காரவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதை எதிர்நோக்கி நஃபீசா உள்ளே நின்றாள். சம்மாட்டியின் எண் முதலில் வந்தது. அவள் அதைக் கைவிட்டிருந்தாள். அவர் சினந்து பேசினால் மறுத்துப் பேச அவளிடம் ஒரு சொல்லும் இல்லை.

"தாயி, அந்தக் கல்லைப் பார்க்கலாமா?"

தம்பி சிரட்டையை எடுத்துக் கொடுத்தான். கிழவர் கல்லை இரு விரலால் எடுத்துக் கண்ணருகே பிடித்தார். பற்களுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"பயலுக குதிக்கிறாங்க. நாலை விட்டுட்டாகன்னு."

"ஆமா அண்ணே. உங்ககிட்டக் கேட்டிருக்கணும். தப்புத்தான்."

"நான் சொன்னேன். ஏலே, வந்தது அந்த நாலு இல்லேடா; அந்த நாலு உடைஞ்சு அந்தா சிரட்டையில கெடக்கு. அதை இன்னும் நூறு வருசம் போட்டாலும் அடியிலதான்டா கெடந்திருக்கும். இது வேற ஓலை. ஓலைக்கு நேத்து முந்தாநாள் என்ன தெரியும்னு கேட்டேன். சில பேருக்கு ஏறுச்சு. சில பேருக்கு ஏறலை."

"எத்தனை பேரு போறாக?"

"நாலு பேரு." சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்தது. "கணக்கா நாலு பேரு, பாருங்க! மரைக்காயர் வலைக்குப் போயிட்டாங்க. போகட்டும்."

"மத்தவுக?"

"இங்கன உக்காந்தே சோழி வயித்துக்குள்ள இருந்ததைச் சொன்ன பொம்பளை வலையை விட்டுட்டு வேற எங்கன போறது? நான் போகலை. என்னோட பதின்மூணு பேரு. ஆனா தாயி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்கிட்ட மறைக்காம."

"கேளுங்க."

"நீங்க வாயை மூடியிருந்தா மரைக்காயர் பாறைக்குப் போயிருப்பாரு. நமக்கு நல்ல பாடு கெடைச்சிருக்கும். அது தெரிஞ்சேதானே சொன்னீக?"

"ஒன்பதும் மத்ததைப் போலத்தான்னு தராசுல வைக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது அண்ணே. நல்ல பாடு கெடைக்கும்னுதான் நினைச்சேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

கிழவர் கல்லைச் சிரட்டையில் மெல்ல வைத்தார். துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

"வலையை விடியக்காலம் எட்டாம் பாட்டுக்குக் கொண்டு போறேன். குத்தூஸ் தம்பியை வரச் சொல்லுங்க."

"பதினாலு பேரு பத்துமா அண்ணே?"

"எட்டாம் பாட்டுல பாறை இல்லே தாயி. கிழிசல் தைக்கவே நாலு பேரை வச்சிருந்தோம்."